இரைச்சல் எங்கிருந்து வருகிறது?



கடந்த விடுமுறைக்குக் கல்லூரி விடுதியிலிருந்து வந்த என் மகன், பிளைவுட் பலகைகளை அறுத்து ஆளுயர விளையாட்டுப் பெட்டி ஒன்றைச் செய்தான். 1980இல் வெளிவந்த பேக்-மேன் போன்ற ஆட்டங்களை நாணயம் போட்டு ஆடிய பழைய ஆர்கேடு பெட்டிகளின் மாதிரி அது. உள்ளே ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி, பழைய மானிட்டர், இரண்டு ஸ்பீக்கர்கள், 5 வோல்ட்டில் இயங்கும் சிறிய ஆம்ப்ளிஃபயர் போர்டு. எல்லாவற்றையும் இணைத்து சுவிட்சைப் போட்டபோது, இசைக்கு முன்பே வண்டு ரீங்காரம் போன்ற ஓர் இரைச்சல் எழுந்தது. திரையில் படம் அசையும்தோறும் அந்த இரைச்சலும் ஏறி இறங்கியது.

அது சனிக்கிழமை மாலை. வாலிப நாட்களில் ஆலயத்து மைக் செட்டைப் பழுதுபார்த்த அனுபவம் எனக்கு உண்டு. அந்தத் துணிச்சலில், "விலகு, நான் பார்க்கிறேன்" என்றேன். இரு ஸ்பீக்கர்களின் கருப்புக் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி, போர்டின் கிரவுண்ட் முனையில் பற்றவைத்தேன். பழைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் அதுதான் வழக்கம். அவனோ, "அப்பா, இதில் அப்படிச் செய்யலாமா?" என்று தயங்கினான். நான் கேட்கவில்லை. மறுபடி சுவிட்சைப் போட்டதும் ஒலி நசுங்கியது, போர்டு சுட்டது, சற்று நேரத்தில் முழுவதும் ஓய்ந்தது. "மலிவான பொருளை வாங்கினால் இப்படித்தான் ஆகும்" என்று அவனைக் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி சொல்லாமல் எழுந்து போனான். இரவு உணவுக்கும் வரவில்லை. நானோ, மறுநாள் பொறுமையைக் குறித்துப் பிரசங்கிக்க வேண்டியவன்!

உறக்கம் வராததால் அந்தப் போர்டின் விவரக் குறிப்பைத் தேடி வாசித்தேன். அதில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பிகளுமே இயக்கப்படுபவை. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். கருப்புக் கம்பி வெறும் கிரவுண்ட் அன்று; அதை ஒருபோதும் கிரவுண்டில் இணைக்கலாகாது. அவன் வாங்கிய பொருளில் குற்றமில்லை. என் கைவேலையே அதைக் கெடுத்தது.

விடியற்காலையில் ஆலயத்துக்குப் புறப்படுமுன் அவனை எழுப்பி, "தவறு என்னுடையது, தம்பி. உன்மேல் பழிபோட்டேன். மன்னித்துக்கொள்" என்றேன். பிரசங்க பீடத்தில் பேசுவதைவிட அந்தச் சில சொற்களைப் பேசுவது எனக்குக் கடினமாயிருந்தது. அவன் சிரித்துவிட்டு, "சாயங்காலம் சேர்ந்து பார்க்கலாம் அப்பா" என்றான்.

புதிய போர்டு வந்தது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி இரட்டைக் கம்பி இழுத்தோம். ஒலி தெளிவாக வந்தது. ஆனால் முதலில் கேட்ட இரைச்சல் மாறவில்லை. இம்முறை நான் எதையும் ஊகிக்கவில்லை. ஆடியோ கேபிளைக் கணினியிலிருந்து கழற்றினோம், இரைச்சல் நின்றது. ஆகவே ஆம்ப்ளிஃபயர் குற்றவாளியன்று. அதே கேபிளைப் பேட்டரியில் இயங்கும் கைபேசியில் செருகினோம். பாட்டு சுத்தமாக ஒலித்தது. ஆகவே கேபிளும் குற்றவாளியன்று. கணினியும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே அடாப்டரில் மின்சாரம் பெற்றன. ஆடியோ கேபிளின் கிரவுண்டும் அவ்விரண்டையும் இன்னொரு வழியாக இணைத்தது. இப்படி உண்டான வளையத்தின் வழியே கணினியின் மின்சலனம் பாட்டுக்குள் புகுந்தது. சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் கொண்ட கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றை ஆடியோ கேபிளின் நடுவே வைத்தோம். வளையம் அறுந்தது, ஒலி மட்டும் கடந்து சென்றது. பெட்டியில் அமைதி உண்டாயிற்று.

அன்பானவர்களே, இரைச்சல் கேட்டது ஸ்பீக்கரில். அது பிறந்ததோ வேறிடத்தில். நம் வீடுகளிலும் அப்படித்தான். சத்தம் போடும் பிள்ளையையோ முகம் வாடிய மனைவியையோ நாம் உடனே குற்றம் சாட்டுகிறோம். ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிப் பார்க்கும் பொறுமை நமக்கு இருப்பதில்லை. அப்படிப் பார்த்தால், நாமே முறுக்கிவைத்த கம்பி ஒன்று அகப்படக்கூடும்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் யாரிடமாவது "தவறு என்னுடையது" என்று சொல்ல வேண்டியிருக்கிறதா? நாளைக்கென்று தள்ளிவைக்காதீர்கள். அதைச் சொல்லும் மனத்தாழ்மையைக் கர்த்தர் நமக்கு அருள்வாராக.