அக்கா பையனும் ஒற்றைக் கொம்பும்

விருத்தாசலத்துல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டுக்காரருக்கு செராமிக் தொழிற்பேட்டையில பொம்மை வார்க்கிற வேலை. பையன் ஆறாவது. களிமண் கரைசலை அச்சுல எப்ப ஊத்தணும், எப்ப எடுக்கணும், ஈரம் காயாம சூளையில வெச்சா ஏன் வெடிக்கும்னு அரைமணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தான்.

ராத்திரி தமிழ்ப் புத்தகத்தைக் குடுத்து வாசிக்கச் சொன்னேன். "கொடி"யை "கெடி"ன்னான். திணறினான். அக்காவுக்குக் கோவம். "பாரு தம்பி, வாய் மட்டும் வண்டலூர் வரைக்கும். படிப்புன்னா சோம்பேறித்தனம்."

பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டான், "மாமா, நான் மக்கா?"

சுருக்குன்னுச்சு. 2007ல 'தாரே ஜமீன் பர்' பார்த்துட்டு கண்ணைத் துடைச்சுக்கிட்டவன் நான். போன லீவுல இதே பையனை "ஒழுங்கா படிடா"ன்னு அதட்டினவனும் நான்தான்.

டிஸ்லெக்ஸியா அறிவுக் குறைவு இல்லீங்க, கண் கோளாறும் இல்ல. எழுத்தையும் சத்தத்தையும் சேர்க்கிறதுல வர்ற சிக்கல். நம்ம "கொ"வையே பாருங்க. கொம்பு முன்னாடி நிக்குது, சத்தம் 'க்'குக்கு அப்புறம் வருது, கால் வேற பின்னாடி. போதாததுக்கு ல, ள, ழ! நமக்குப் பழகிப்போச்சு. அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு வார்த்தையும் மலையேத்தம்.

இவனுக்கு அதுதானான்னு நான் சொல்ல முடியாது, பரிசோதிச்சவங்கதான் சொல்லணும். ஆனா அதுவரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. வகுப்புல திடீர்னு எழுப்பி சத்தமா வாசிக்கச் சொல்லாம இருக்கலாம். அறிவியலை வாயால சொல்லச் சொல்லிக் கேக்கலாம். எழுத்தை விரலால எழுதிக்கிட்டே சத்தத்தையும் சொல்ல வைக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல கற்றல் குறைபாடும் சேர்ந்தாச்சு. சான்றிதழ் இருந்தா பத்தாவது பொதுத்தேர்வுல கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர்னு சலுகைகளும் உண்டு. வழி தெரியலன்னா, சென்னையில மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இதுக்காகவே ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுக்குறாங்க.

மறுநாள் காலையில களிமண்ணை உருட்டி "கொ" செய்யச் சொன்னேன். முதல்ல 'க'வை வெச்சான். அப்புறம் கொம்பு, கால். விரலால தடவிப் பார்த்து, "கொ... கொடி" அப்படின்னான்.

அக்கா ஒண்ணும் பேசல. திங்கக்கிழமை டீச்சரைப் பார்க்க என்னையும் வரச் சொல்லியிருக்கா. லீவு போட்டாச்சு.