லே ஜேவுக்கு மூன்று நாள்

வைத்திக்குப்பம்,
புதுச்சேரி.

அன்புள்ள தம்பிக்கு,

மாசி மகக் கூட்டம் கலைந்து கடற்கரையைக் கூட்டி முடிப்பதற்குள் பிரான்சில் லே ஜே மலையில் சைக்கிளில் இறங்கும் உன் திட்டம் வந்து சேர்ந்துவிட்டது. போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்டிப்பாக வருகிறேன். ஆனால் நீ போட்டிருக்கும் இரண்டு நாள் கணக்கு எனக்குச் சரிப்படாது. முதல் நாளே மோன் ஷெரி, மறுநாள் மோர்சீன், அவோரியாஸ் தாண்டி சுவிஸ் பக்கம் ஷாம்பெரி வரை! "லிஃப்ட்தான் மேலே கொண்டுபோய் விடுகிறதே, மிதிக்கவே வேண்டாம்" என்று வேறு எழுதியிருக்கிறாய். மிதிக்க வேண்டாம் சரி, பிடிக்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆரோவில் காட்டுப் பாதைகளில் ஓட்டுகிறேன். அந்த மேடே கடல் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர் சொச்சம்தான். பொம்மையார்பாளையம் பக்கம் செம்மண்ணில் இறங்க ஆரம்பித்தால், சூடு பிடிப்பதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்துவிடும். லே ஜேயில் ஷவான் லிஃப்ட் ஒரு தடவை தூக்கிவிட்டால் சுமார் 300 மீட்டர் இறங்கியாக வேண்டும். கீழே வந்ததும் மறுபடி லிஃப்ட், மறுபடி இறக்கம். சீட்டில் உட்காரவும் முடியாது. பெடலில் நின்று, முழங்கையை மடக்கி, ஒரு விரலை எப்போதும் பிரேக்கில் வைத்திருக்க வேண்டும். முதலில் ஓய்ந்துபோவது முன்கைதான். கட்டை மாதிரி இறுகிவிடும், அப்புறம் விரல் சொன்ன பேச்சு கேட்காது. வலை இழுத்துக் காய்த்த கைதானே அண்ணே என்பாய். வலையை இழுப்போம், விடுவோம், மூச்சு வாங்கிக்கொள்வோம். இங்கே அதிர்கிற ஹேண்டில்பாரை விடவே முடியாது. ஏறுகிற சிரமம் இருந்தாலாவது நடுவில் கைக்கு நெடுநேரம் ஓய்வு கிடைக்கும், லிஃப்டிலோ அது சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் நம் நாட்களைக் கால் வலுவை வைத்துக் கணக்குப் போடாதே, கை வலுவை வைத்துப் போடு.

இன்னொன்று. நம் ஊர் சைக்கிளில் வலது கை முன் பிரேக். அங்கே இடது கைதான் முன் பிரேக். உனக்கு இத்தனை வருஷத்தில் பழகியிருக்கும். எனக்கு அவசரத்தில் கை பழைய வழக்கத்துக்குத்தான் போகும். செங்குத்துச் சரிவில் பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கை அமுக்கினால் சைக்கிளுக்கு முன்னால் நான் கீழே போய்ச் சேருவேன். வாடகைக் கடையில் நீ முதலில் பேச வேண்டியது இதுதான்: எனக்கு மாற்றி மாட்டித் தருவார்களா என்று கேள். பாரிசிலிருந்து லீவுக்கு வந்த ஒருவர் இங்கே என் சைக்கிளை ஓட்டிப் பார்த்து, வேலி ஓரம் விழுந்து எழுந்ததை நேரில் பார்த்தவன் நான். என் சைக்கிளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வரும் யோசனையை விட்டுவிட்டேன். முன்னும் பின்னும் நல்ல சஸ்பென்ஷன் உள்ள வண்டி அங்கே வாடகைக்கே கிடைக்கும்போது எதற்கு வீண் செலவு? முகம் மூடும் ஹெல்மெட், முழங்கால், முழங்கைக் கவசம், முதுகுத் தகடு எல்லாம் சேர்த்தே எடுத்துவிடு. அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

என் கணக்கு மூன்று நாள். முதல் நாள் ஷவான் பக்கம் மட்டும், எளிதான பச்சைப் பாதை, பழகினால் நீலம். கடினமான சிவப்பையும் கறுப்பையும் தள்ளி நின்று பார்ப்போம். இரண்டாம் நாள் மதியத்தோடு நிறுத்திவிடுவோம். மலையில் மதியத்துக்குமேல் இடி மழை வந்தால் லிஃப்டையும் நிறுத்திவிடுவார்கள், ஆகவே காலையில் திறக்கும்போதே வரிசையில் நிற்கலாம். மூன்றாம் நாள் கை ஒத்துழைத்தால் மோர்சீன் பக்கம் பிளெனே வரை போய் வருவோம். மோன் ஷெரிக்கு நான் வரவில்லை. 2022 மலை சைக்கிள் உலகச் சாம்பியன் போட்டியில் லோயிக் புரூனி ஜெயித்த இறக்கம் அந்த மலையில்தானே! ஷாம்பெரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2011-இல் அதே போட்டியில் அங்கே மழைச் சேற்றில் டேனி ஹார்ட் இறங்கிய வீடியோவை உன் அண்ணியிடம் காட்டிவிட்டேன். ஹார்ட் பதினொரு நொடிக்குமேல் முந்தி ஜெயித்ததெல்லாம் இவள் காதில் விழவில்லை. "இதுக்கா டிக்கெட் போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள், அன்று இரவு பேசவில்லை.

மாதம் பற்றி. இங்கே மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை. எனக்குக் கை ஓய்வாக இருக்கும் அந்த இரண்டு மாதமும் மலையில் பெரும்பாலும் லிஃப்ட் ஓடாது. அங்கே திறக்கும் நேரத்தில் இங்கே படகு இறங்கிவிடும், முதல் மாத மீனை விட்டுவிட்டு வந்தால் பங்காளிகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஜூலை, ஆகஸ்டில் உங்கள் ஊர் முழுக்க லீவில் மலையேறிவிடும். ஆகவே செப்டம்பர் முதல் வாரம், அதுவும் வார நாளில். பள்ளிக்கூடம் திறந்திருக்கும், வரிசை குறைவாக இருக்கும். அதற்குள் எந்தெந்த லிஃப்டை மூடுவார்கள் என்று மட்டும் பார்த்துச் சொல்.

விசாவுக்கு உன் ஊர் நகராட்சி அலுவலகமான மேரியில் எனக்காகத் தங்கவைக்கும் சான்று வாங்க வேண்டும். அதற்கு முத்திரைக் கட்டணம் உண்டு என்று கேள்வி, அதை நான் வரும்போது தருகிறேன். விசாவுக்குக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருந்தால் போதும். ஆனால் பல பாலிசிகளில் மலை சைக்கிளைச் சின்ன எழுத்தில் விலக்கி வைத்திருப்பார்கள். மலையிலிருந்து தூக்கிவரும் செலவும் சேர்ந்த பாலிசியாகப் பார்த்து எடுக்கிறேன். நீ அங்கேயே இருப்பவன், உன்னுடையதையும் ஒரு தடவை படித்துப் பார்.

தங்க ஓட்டல் வேண்டாம், அடுப்பு இருக்கும் அறையாக எடு. மூன்று நாளும் உருளைக்கிழங்கும் சீஸும் என்றால் என்னால் ஆகாது. ரசப்பொடியும் வடகமும் உன் அண்ணி கட்டித் தருவாள், அதற்குள் கோபம் தணிந்திருந்தால்.

சஸ்பென்ஷன் காற்று வைக்க வாடகைக் கடையில் எடை கேட்பார்கள். என் எடை 78 கிலோ, உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், செருப்பு எட்டாம் நம்பர். மேரியில் நாள் கிடைத்ததும் தேதியைச் சொல், டிக்கெட்டை அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்