மண் விடாத அன்னம்

பித்தளை வார்க்கும் பாஸ் என் அன்னத்தைக் கையில் வாங்கினார். முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு கவிழ்த்து முதுகைப் பார்த்தார். கடைசியாகக் கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழே ஓர் இழுப்பு இழுத்தார். நான் பாராட்டுக்குக் காத்து நின்றேன். கழுத்தோடு கழுத்துப் பின்னிய இரட்டை அன்னம். இறகுக்கு இறகு இடைவெளி. மொத்தம் 23 துளைகள். ஆறு மில்லிமீட்டர் மகோகனிப் பலகையில் மூன்று வார இறுதிகளைத் தின்ற வேலை.

"வேல வடிவா இருக்கு மாத்தயா. ஆனா இத மண்ணு விடாது."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கவும் இல்லை. மரச்சட்டம் ஒன்றை இழுத்துப் போட்டு, அன்னத்தை நடுவே வைத்து, துணிப்பொட்டலத்தால் கரித்தூளைத் தட்டி, மண்ணைச் சலித்துக் கொட்டி, கட்டையால் இடித்து இறுக்கினார். சட்டத்தைப் புரட்டினார். அன்னத்தின் முதுகு மேலே வந்தது. அதில் சிறு ஆணியொன்றை லேசாக அறைந்து, நாலு பக்கமும் தட்டி அசைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினார். அன்னம் வந்தது. அதோடு மண்ணும் வந்தது. துளைகளுக்குள் நிற்க வேண்டிய மண் தூண்கள் எல்லாம் மரத்தைப் பிடித்துக்கொண்டே கிளம்பிவிட்டன. சட்டத்துக்குள் மிஞ்சியது கோழி கிளறிய குழி மாதிரி இருந்தது.

நான் கண்டியில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். மர வேலை எனக்குப் பொழுதுபோக்கு மட்டும்தான். வீட்டின் பின் விறாந்தையில் ஒரு ஸ்க்ரோல் சோ வைத்திருக்கிறேன். பார்வைக்கு அது தையல் மெஷினுக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கும். மேசை நடுவே சிறு ஓட்டை. ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து அங்குல நீளத்தில் பல் வைத்த மெல்லிய பிளேட். அது நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஓடும். துணியைத் திருப்புவது போலப் பலகையைத் திருப்ப வேண்டியது நம் கை. பிளேட்டை இறுக்கியதும் விரலால் சுண்டிப் பார்ப்பேன். வீணைத் தந்தி போலக் கணீரென்று ஒலித்தால் சரி. மந்தமாக முனகினால் கோடு தவறும்.

வெளி ஓரத்தை அறுப்பது எளிது. உள்ளே ஒரு துளையை அறுக்க வேண்டுமானால்தான் பொறுமை சோதிக்கப்படும். துறப்பணத்தால் சிறு ஓட்டை போட்டு, பிளேட்டின் மேல் நுனியைக் கழற்றி, ஓட்டைக்குள் கோத்து, மறுபடி மாட்டி இறுக்கி, அறுத்து முடித்து, மறுபடி கழற்ற வேண்டும். 23 துளைகளுக்கு 23 முறை. அவசரப்பட்டுத் தள்ளினால் பிளேட் முறியும். ஒரே இடத்தில் நின்றால் மரம் கருகும். பலகையின் மேல் பொதிகட்டும் டேப் ஒட்டி அதன்மேல் அறுத்தால் கருகல் குறையும் என்பதை நாலைந்து பலகைகளைப் பாழாக்கிய பிறகே கற்றேன்.

இந்தப் பொழுதுபோக்குக்கு வயது அதிகம். மின்சாரம் வரும் முன்பே மேற்கு நாடுகளில் காலால் மிதித்து ஓட்டும் வாள்களை வீட்டு முன்னறையில் வைத்திருந்தார்கள். 1895-இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஹொபீஸ் வீக்லி' என்ற இதழ், ஒட்டி வைத்து அறுப்பதற்கான கோட்டுப்படங்களைக் கொடுத்தே வாசகரைச் சேர்த்தது. நம் நாட்டுப் பழைய ரயில் நிலையங்களின் தாழ்வாரத்திலும், பெரிய வீடுகளின் கதவுக்கு மேலும் தொங்கும் பூவெட்டுப் பலகைகள் அதே வாள் குடும்பத்தின் வேலைதான். சிங்களத்தில் அவற்றை 'மல் லேலி', அதாவது பூப்பலகை, என்பார்கள்.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் போனபோது என் மெஷினும் படுத்துக்கொண்டது. அப்போது கைவாளை எடுத்தேன். 'ப' எழுத்தைச் சரித்து வைத்தது போன்ற சட்டம், அதன் வாயில் அதே மெல்லிய பிளேட். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஓர் அங்குலம் அறுப்பதற்குள் தோள் கடுத்தது. அதே மாதிரிக் கைவாளைத்தான் பிற்பாடு பிலிமத்தலாவையில், பித்தளை அறுக்கும் ஒரு பையனின் கையில் கண்டேன்.

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பேராதனைப் பாலத்தைத் தாண்டி, கடுகண்ணாவை ஏற்றத்துக்கு முன்னால் வரும் ஊர் பிலிமத்தலாவை. 'பிலிம' என்றால் சிலை, நம் 'படிமம்' போல. 'தலாவ' என்றால் வெளி. பெயருக்கேற்ப வீதியோரக் கடைகளில் குத்துவிளக்கும் யானையும் தட்டும் மணியும் வெயிலில் மின்னும். நம் நாட்டு விழா மேடைகளில் ஏற்றுகிறோமே, உச்சியில் சேவல் நிற்கும் ஆளுயர விளக்கு, அதன் பல அளவுகளையும் இங்கே வரிசையாகப் பார்க்கலாம். பஸ்ஸில் போகிறவர்கள் கடையை மட்டுமே காண்பார்கள். பட்டறைகள் உள்ளே, தவுலகல வீதி பிரியும் பக்கம், வீடுகளின் பின்புறத்தில் இருக்கின்றன. பாஸின் பட்டறையும் அங்கேதான். என் மர அன்னத்தை அச்சாக வைத்துப் பித்தளையில் ஒன்று வார்த்துத் தரக் கேட்டே போயிருந்தேன்.

கொத்தனார், தச்சர், வார்ப்பவர் எல்லோருமே இங்கே 'பாஸ்'தான். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். தொழில் தெரிந்தவர் என்று பொருள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட அதில் மரியாதை கூட. என் சிங்களமும் பாஸின் தமிழும் அரைகுறை. ஆனாலும் பட்டறைக்குள் அது தடையாக இல்லை. பித்தளை அவருக்கும் 'பித்தல'. அச்சு அவருக்கும் 'அச்சுவ'.

மண் பெட்டி பாழானதைப் பார்த்து என் முகம் வாடியிருக்க வேண்டும். ஒரு பிளேன்டீயை நீட்டிவிட்டு, சுவரைக் காட்டினார். ஆணி ஆணியாக மர அச்சுகள் தொங்கின: சேவல், தாமரை, யானைத் தலை, விளக்கின் இதழ். எல்லாம் மண்ணும் கரியும் ஏறிக் கறுத்தவை. அழகு என்று பார்த்தால் என் அன்னத்தின் காலடிக்குக் கூட வராது. ஒன்றை எடுத்து என் விரலை அதன் ஓரத்தில் வைத்து இழுத்தார். ஓரம் நேராக இறங்கவில்லை. முதுகிலிருந்து முகத்தை நோக்கி நூலளவு சரிந்து ஒடுங்கியது.

"இந்தச் சரிவு இருந்தா மண்ணு விட்டிரும். உங்கட அன்னத்துக்கு ஓரம் செங்குத்து. இழுக்க இழுக்க உரசும்."

நேராக அறுப்பதுதான் ஸ்க்ரோல் சோக்காரரின் பெருமை. மேசை பிளேட்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்துவிட்டே தொடங்குவோம். அந்தப் பெருமை இங்கே குறையாகிவிட்டது.

அவருடைய அடுத்த சொல் துளைகளைப் பற்றியது. அச்சிலுள்ள ஒவ்வொரு துளையும் பெட்டியில் ஒரு மண் தூண். விரல் தடிமனாவது இல்லாவிட்டால் அது நிற்காது. நின்றாலும் உருகிய பித்தளை பாய்கிற வேகத்தில் கரைந்துவிடும். அதனால் சிறு துளைகளை அச்சில் போடக் கூடாது. குழியாகக் காட்டி விட்டுவிட வேண்டும். வார்த்து எடுத்த பிறகு, உலோகத்தில் கைவாளால் திறந்துகொள்ளலாம்.

மூலையில் ஒரு பையன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். மேசை விளிம்பில் வாய் பிளந்த மரத்துண்டு. அதன்மேல் பித்தளைத் தகடு. ஓட்டைக்குள் கோத்த பிளேட். நாலு இழுப்புக்கு ஒருமுறை பிளேட்டைத் தேன்மெழுகில் தேய்த்துக்கொண்டான். நான் பார்த்த அரைமணி நேரத்தில் அவன் ஒரு பிளேட்டைக் கூட முறிக்கவில்லை. கழன்று விழுந்த துண்டுகளும் அராவிய தூளும் மடியில் விரித்த சாக்கில் சேர்ந்தன. மாலையில் அவை உலைக்குப் போகும். என் விறாந்தையில் விழும் துண்டுகளை நான் குப்பையில் கொட்டுகிறேன்.

அன்றைக்கு வார்ப்பும் இருந்தது. சிரட்டைக்கரி உலை, கீழே சிறு மின்விசிறி காற்று ஊதியது. உடைந்த குழாய், பழைய பூட்டு, அறுபட்ட துண்டு என்று மூசைக்குள் எல்லாம் போயின. செம்பு உருக 1085 பாகை செல்சியஸ் வேண்டும். துத்தநாகம் கலந்த பித்தளைக்கு 900-ஐச் சற்றுத் தாண்டினால் போதும். ஆனால் துத்தநாகம் 907 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். மூசையின் வாயில் வெண்புகை எழுந்ததும் பாஸ் காற்று வரும் பக்கமாக நகர்ந்து நின்றார். என்னையும் தோளைப் பிடித்து நகர்த்தினார். புகை நெஞ்சுக்குள் போனால் இரவில் குளிர்காய்ச்சல் வரும் என்றார். தாமதித்தால் துத்தநாகம் புகையாய்ப் போய்விடும். அவசரப்பட்டால் உலோகம் பெட்டியின் மூலைக்கு ஓடாது. வெப்பமானி எதுவும் இல்லை. நிறத்தைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், "ஹரி" என்றார். இரண்டு பேர் இடுக்கியால் தூக்கி ஊற்றினார்கள். எட்டுப் பெட்டிகள், ஒரு சொல் பேச்சில்லை.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கரை மணல் மாதிரி அல்ல. களி கலந்த நுண்மண். ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்து "அமுக்குங்க" என்றார். விரித்தபோது என் விரல் ரேகைகள் அதில் அப்படியே பதிந்திருந்தன. இரண்டாக ஒடித்தேன், பிஸ்கட் மாதிரிச் சுத்தமாக முறிந்தது. ஈரம் கூடினால் ஆவி கிளம்பி உலோகம் கொப்பளிக்கும். குறைந்தால் மண் உதிரும். காலையில் மண்ணைப் பதம் பார்ப்பவர் பாஸின் மனைவி. அவர் சரி சொல்லாமல் பெட்டி கட்டுவதில்லை.

திரும்பும் வழியில் எம்பெக்கவுக்குப் போனேன். இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க 14ஆம் நூற்றாண்டுக் கம்பளை அரசின் கைவேலை நிலம். 1344-இல் எழுந்த கடலாதெனிய விகாரையைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி. தென்னிந்தியக் கோயில் சாயலை அந்தக் கல்லில் இன்றும் பார்க்கலாம். பக்கத்து லங்காதிலகவின் பாறைக் கல்வெட்டு சிங்களத்திலும் தமிழிலும் இருக்கிறது. எம்பெக்க தேவாலயம் கதிர்காமத் தெய்வத்துக்கு உரியது. அதன் மேளகாரர் மண்டபத் தூண்களில்தான் என் இரட்டை அன்னத்தின் தாய் வடிவம் இருக்கிறது. முன்பு அங்கே நின்று காகிதத்தில் வரைந்துகொண்டு போயிருந்தேன். இந்த முறை கண் வேறிடத்தில் நின்றது. கழுத்துகள் பின்னும் இடத்தில் சிற்பி துளையே போடவில்லை. குடைந்து, ஓரத்தைச் சரித்து, நிழலை விழவைத்து, துளை போலக் காட்டியிருக்கிறார். பாஸ் சொன்ன வழி ஏற்கெனவே அங்கே மரத்தில் இருந்தது. கோட்டை மட்டும் எடுத்துப் போயிருந்தேன், ஆழத்தைக் கவனிக்கவில்லை.

அண்ணாந்து பார்த்தால் 'மடோல் குருபாவ'. கூரையின் 26 கைமரங்கள் வந்து ஒரே மர ஆப்பில் கோத்து நிற்கின்றன. தேவேந்திர மூலாச்சாரி என்ற தச்சரின் வேலை என்பது மரபு. 26 மரங்களில் ஒவ்வொன்றின் நுனியும் அடுத்ததற்கு இடம் விட்டுச் செதுக்கப்பட்டிருக்கிறது. தனியாகக் கழற்றி வரவேற்பறையில் வைத்தால் அதில் ஒன்றையும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என் பலகையில் என் வேலை முடிந்துவிடுகிறது. பாஸின் சுவரில் தொங்கும் கறுத்த அச்சுகளில் இன்னொருவர் வேலை தொடங்குகிறது. மண் பிடிப்பவர், ஊற்றுபவர், அறுக்கும் பையன், அராவுபவர் என்று அது கை மாறிப் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து புதிதாகத் தொடங்கினேன். மெஷினின் மேசையை மூன்று பாகை சரித்தேன். சரித்த மேசையில் அறுக்கும்போது ஒரு விதி உண்டு: உருவம் எப்போதும் பிளேட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். திசை மாறினால் சரிவும் தலைகீழாகிவிடும். தெரிந்தும், பழக்க தோஷத்தில் கழுத்தின் வளைவில் பலகையை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தபோது பாதி ஓரம் உள்ளே சரிந்தது, பாதி வெளியே சரிந்தது. அந்தப் பலகை அடுப்புக்குப் போனது. அடுத்ததில் 23 துளைகளை ஆறாகக் குறைத்தேன். மற்றவற்றை உளியால் குழியாக்கினேன். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து இரண்டு கை வார்னிஷ் அடித்தேன்.

மூன்று கிழமை கழித்து மறுபடி பிலிமத்தலாவை. பாஸ் முன்பு போலவே நகத்தை இழுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. மண் போட்டார், இடித்தார், புரட்டினார், தட்டி அசைத்தார், தூக்கினார். பெட்டிக்குள் அன்னத்தின் வடிவில் ஒரு வெறுமை, ஓரம் உதிராமல். ஆறு மண் தூண்களும் நின்றன. அவர் தலை நிமிரவில்லை; அடுத்த சட்டத்தை இழுத்து, அதே அன்னத்தை வைத்து, மறுபடி மண் சலித்தார். அன்று நாலு பெட்டிகள் கட்டினார். நான் ஒன்றுதான் கேட்டிருந்தேன்.

ஆறியபின் ஒன்றை உடைத்துத் தந்தார். இன்னும் கரடு தட்டிய, மண் ஒட்டிய அன்னம். காசைக் கொடுத்துவிட்டு மர அச்சுக்குக் கை நீட்டினேன்.

"அத வீட்டுக்குக் கொண்டு போய் என்ன செய்யப் போறீங்க?"

பதில் இருக்கவில்லை. அவர் அதைச் சேவலுக்கும் தாமரைக்கும் நடுவே ஓர் ஆணியில் மாட்டினார். ஒரே நாளில் பாதி கறுத்திருந்தது.

வீட்டில் பித்தளை அன்னத்தை, பலகையில் ஒட்டிய கோட்டுப்படத்தின் பிரதியின் மேல் வைத்துப் பார்த்தேன். ஆறும்போது பித்தளை அடிக்குக் கால் அங்குலம் கூடச் சுருங்காது, ஆனால் சுருங்கும். என் ஆறு அங்குல அன்னம் சுமார் இரண்டு மில்லிமீட்டர் சிறுத்திருந்தது. அடுத்த அச்சை அந்த இரண்டு மில்லிமீட்டர் கூட்டித்தான் வரைந்திருக்கிறேன்.