மையவாடியில் இடமில்லை

அன்பு மருமகள் ரிஸ்னாவுக்கு,

உன்னோடு வேலை செய்கிற பிள்ளை, "குண்டு வைத்தவர்களை உங்கள் ஆட்கள் கண்டித்தார்களா?" என்று கேட்டதாக உம்மா சொன்னா. கண்டன அறிக்கைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அவற்றை அனுப்பி என்ன செய்ய? நான் மையவாடி விஷயத்தை எழுதுகிறேன்.

ஒரு ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது அடக்குவது ஊர் முழுவதன் மேலும் உள்ள கடமை. எவரும் செய்யாவிட்டால் பாவம் எல்லோருக்கும். கடன்காரனோ குடிகாரனோ, ஊரோடு பகைத்துக்கொண்டு போனவனோ, மௌத்தாகிவிட்டால் கபுறு வெட்ட ஆள் வந்துவிடும். அப்படிப்பட்ட ஊர்கள் ஒருவனுக்கு மண் தர மறுப்பதென்றால் லேசான காரியமில்லை.

நான் அறிய, மும்பையில் அது நடந்தது. 2008 நவம்பர் தாக்குதலில் செத்த துப்பாக்கிதாரிகள் ஒன்பது பேரையும் அடக்க முடியாது என்று, மரைன் லைன்ஸ் பெரிய கபரஸ்தானை நடத்தும் ஜும்ஆ மஸ்ஜித் அறக்கட்டளை சொல்லிவிட்டது. உடல்கள் ஒரு வருடத்துக்கு மேல் பிணவறையில் கிடந்தன. 2010 ஜனவரியில் அரசாங்கம் இரகசியமாகப் புதைத்தது.

இங்கே இலங்கையில் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்கள், கொழும்பு ஹோட்டல்கள். 260 பேருக்கு மேல் போனார்கள். தற்கொலைதாரிகளின் உடல்களை எந்தப் பள்ளிவாசலும் ஏற்காது என்று உலமா சபை அறிவித்தது. மார்க்கச் சட்டப்படி இதில் பேச்சிருக்கிறது. தற்கொலை செய்தவருக்கு நபிகளார் (ஸல்) தாம் தொழுவிக்கவில்லை என்று ஹதீஸ் உண்டு. மற்றவர்கள் தொழலாம் என்றே பெரும்பாலான இமாம்கள் சொல்கிறார்கள். தொழாமல் விடுவது ஒன்று, மண்ணே கொடுக்காதது வேறு. ஆனால் அந்த வாரம் கிதாபைப் புரட்டும் மனநிலையில் இங்கே யாரும் இல்லை.

செத்தவனை மறுப்பதைவிட, உயிரோடு இருப்பவனைக் காட்டிக்கொடுப்பதுதான் கஷ்டம். அதையும் எங்கள் ஆட்கள் செய்தார்கள், குண்டு வெடிப்பதற்கு முன்பே. 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில், பின்னால் குண்டு வைத்த கூட்டத்தின் தலைவனான சஹ்ரானின் ஆட்கள் சூஃபி வழியினரோடு வாளெடுத்து மோதிய பிறகு, அவனைப் பிடிக்கச் சொல்லி ஊரிலேயே குரல் எழுந்தது. 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகளை உடைத்தவர்களைத் தேட பொலிஸுக்கு உதவியவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். அந்த விசாரணைதான் வனாத்தவில்லுத் தென்னந்தோட்டத்தில் வெடிமருந்துக் குவியல் வரை போனது. உதவியவர்களில் ஒருவரை மார்ச் மாதம், வீட்டில் தூங்கும்போதே தலையில் சுட்டார்கள். உயிர் தப்பினார், பழைய உடல் திரும்பவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் மேலிடத்தில் இருந்தவர்கள் சோம்பியிருந்ததை நான் மன்னிப்பதாயில்லை.

தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள் சாய்ந்தமருது. வாடகைக்கு வந்த புதுக் குடித்தனத்தின் மேல் அயலவர்களுக்குச் சந்தேகம். ஊர்க்காரர்கள் விசாரிக்கப் போய், துப்பாக்கியைக் கண்டு திரும்பி, பொலிஸுக்குச் சொன்னார்கள். அன்றிரவு உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்கவைத்தார்கள். செத்த 15 பேரில் ஆறு பேர் குழந்தைகள். சஹ்ரானின் வாப்பாவும் சகோதரர்களும் அந்த வீட்டில்தான்.

மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கம் எங்கள் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. மடாட்டுகமவில், சஹ்ரானின் இயக்கத்தோடு தொடர்புபட்டதென்று ஒரு பள்ளிவாசலை முஸ்லிம்களே இடித்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் மெச்சின, எனக்குப் பிடிக்கவில்லை. அது பயத்தில் செய்த வேலை.

அடுத்த வருடம் கொரோனா. அடக்கம் செய்வதில் தவறில்லை என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியும், எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள், பிறந்து 20 நாளான குழந்தையையும்கூட. பொரளை மயானத்து வாசற்கம்பியில் வெள்ளைத் துணி கட்டிச் சனங்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். கட்டியவர்களில் சிங்களவரும் கிறிஸ்தவரும் உண்டு. 2021 பெப்ரவரியில்தான் அனுமதி வந்தது. பிறகு ஓட்டமாவடியில் ஒரே இடத்தில், சொந்த ஊர் மண் இல்லாமல், அடக்கினோம்.

அந்தப் பிள்ளைக்கு இதில் எவ்வளவு சொல்வதென்று நீயே பார்த்துக்கொள். நேரம் குறைவென்றால் மாவனல்லையையும் சாய்ந்தமருதையும் மட்டும் சொல். உம்மாவுக்கு அடிக்கடி கோல் எடு.

உன் மாமா