கடைசி பஸ் போயிருச்சு தம்பி

விழுப்புரத்துப் பையன்கள் இரண்டு பேர். பி.காம். மூன்றாம் வருடம். பரீட்சை முடிந்த கையோடு, டிராவல்ஸ் வேன், பேக்கேஜ் என்று எதுவும் இல்லாமல், பழனி போய் அப்படியே கொடைக்கானல் ஏறிவிட்டு வருவது என்று கிளம்பினார்கள். ஒருவன் கையில் நாற்பது பக்க நோட்டு. டீ குடித்தால் டீ, வடை தின்றால் வடை என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வருவான். காமர்ஸ் படித்தால் இப்படித்தான். இன்னொருவன் வணிகச் சட்டத்தில் வகுப்பிலேயே முதல் மார்க்.

இந்த முதல் மார்க் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

பழனி அடிவாரத்தில் கால் வைத்ததுமே ஒருவர் கூடவே நடந்து வந்தார். "வின்ச் இன்னிக்கு ஓடலை சாமி. ரோப்காரும் மெயின்டனன்ஸ். க்யூவுல போனா மூணு மணி நேரம் ஆகும். நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு..."

வின்ச் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பிறகு கண்ணால் பார்த்தார்கள்.

இந்தப் பொய்யை யார் கண்டுபிடித்தார்களோ, அவர் பெரிய ஆள். ஏனென்றால் இது எப்போதும் பொய் இல்லை. 2004-இல் ஓட ஆரம்பித்த பழனி ரோப்கார் பராமரிப்புக்காக நிஜமாகவே நிறுத்தப்படும். வருடாந்திரப் பராமரிப்பு என்றால் பல நாள். காற்று பலமாக அடித்தாலும் நிற்கும். அதனால் கேட்பவனுக்கு "இருக்கலாமே" என்று தோன்றிவிடுகிறது. பாங்காக்கில் அரண்மனை வாசலில் ஒருவர் வந்து "இன்று அரண்மனை மூடல்" என்று சொல்லி, டுக்-டுக் வண்டியில் ஏற்றி நகைக்கல் கடைக்குக் கொண்டுபோவது உலகப் பிரசித்தம். அங்கேயும் சில நாள் சில விசேஷங்களுக்காக மூடுவது உண்டு. நாடு வேறு, பாஷை வேறு, வசனம் ஒன்றுதான். முழுப் பொய்யை விட, சில நாள் உண்மையாக இருக்கும் பொய்க்கு ஆயுசு ஜாஸ்தி.

பையன்கள் அதற்கு மசியவில்லை. 693 படி, இளம் கால்கள், ஏறிவிடலாம். ஆனால் அடுத்த கண்ணியில் மாட்டினார்கள்.

"செருப்ப இங்க விட்டுட்டுப் போங்க தம்பி, காசெல்லாம் வேணாம்." ஒரு பூஜைக் கடை. விட்டார்கள். விட்டதும் கையில் ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது. தேங்காய், பழம், வெற்றிலை, சூடம், ஒரு முழம் பூ. "எவ்வளவுண்ணே?" "சாமியப் பாத்துட்டு வாங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

இறங்கி வந்ததும் பார்த்துக்கொண்டார்கள். நானூற்றைம்பது ரூபாய்.

கவனித்துப் பார்த்தால் அந்த இலவசச் செருப்பு ஸ்டாண்டுதான் மொத்த வியாபாரத்துக்கும் அஸ்திவாரம். அது சேவை இல்லை, அடமானம். செருப்பை விட்டவன் எந்த வழியாக இறங்கினாலும் அந்தக் கடைக்குத் திரும்பி வந்தே ஆகவேண்டும். திரும்பி வரும்போது தேங்காய் உடைந்துவிட்டது, சூடம் எரிந்துவிட்டது, சரக்கைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதற்கு மேல், சாமி கும்பிட்டுவிட்டு வந்த வாயால் சண்டை போட யாருக்கும் மனசு வராது. இந்த மூன்றையும் சேர்த்து யோசித்த மூளைக்கு எம்.பி.ஏ. தேவையில்லை.

இப்போது அந்த முதல் மார்க். சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 9. விலை பேசாமல் சரக்கு கைமாறிவிட்டால், வாங்கியவர் நியாயமான விலை கொடுத்தால் போதும். எது நியாயமான விலை என்பது அந்தந்தச் சூழ்நிலையைப் பொறுத்தது. இதைப் பரீட்சையில் ஒன்றரைப் பக்கம் எழுதியவன்தான், கடைக்காரர் குரலை உயர்த்தியதும், சுற்றி நாலு பேர் திரும்பிப் பார்த்ததும், பேசாமல் ஜிபேயில் நானூற்றைம்பதை அனுப்பினான். பிரிவு 9 மலைப்படியிலேயே நின்றுவிட்டது. நோட்டுக்காரன் "தட்டு - 450" என்று எழுதி அடிக்கோடு போட்டான்.

பழனியில் எல்லாக் கடையும் இப்படி என்றால் அது அநியாயம். ஒழுங்காக விலை சொல்லி விற்கிற கடைகளும் அதே தெருவில் இருக்கின்றன. மொட்டை அடிக்க 2021 முதல் அறநிலையத் துறைக் கோயில்களில் கட்டணமே கிடையாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் 2024-இல் கிரிவலப் பாதையில் ஆக்கிரமிப்புக் கடைகளை எடுத்தார்கள், தனியார் வண்டிகளைத் தடுத்தார்கள். பாதை நிறையவே மாறிவிட்டது. ஆனால் கூடவே நடந்து வருகிற ஆளை எந்த உத்தரவால் எடுப்பது?

அடிபட்ட பையன்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து ஒரு சட்டம் போட்டார்கள். "மச்சி, இனிமே எவனாவது தானா வந்து பேசினா பதிலே பேசக்கூடாது." பார்த்தால் நல்ல சட்டம்தான். எல்லாப் பயணக் கையேட்டிலும் இருப்பது.

அங்கேயே ஒரு கார் புரோக்கர் வந்து "கொடைக்கானல் பஸ் எல்லாம் ஃபுல் தம்பி" என்றார். சட்டம் உடனே அமலுக்கு வந்தது. பழனி வழியே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். போனில் மேப்பைப் பார்த்தால் ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு, பாச்சலூர், தாண்டிக்குடி என்று இன்னொரு மலைப்பாதை ஓடியது. கூட்டம் இருக்காது, புரோக்கரும் இருக்கமாட்டான். ஒட்டன்சத்திரத்துக்கு பஸ் ஏறிவிட்டார்கள். முப்பது கிலோமீட்டர் சொச்சம்.

இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பாச்சலூர் பஸ் எங்கே நிற்கும் என்று போர்டு போர்டாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தலையில் துண்டு கட்டிய ஒருவர் பக்கத்தில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டையெல்லாம் சாக்குத் தூசி.

"எங்க தம்பி போகணும்?"

பதில் இல்லை.

"பாச்சலூர் வண்டியா? கடைசி பஸ் போயிருச்சு தம்பி. இனி காலையிலதான். அவசரம்னா இப்பவே பழனி போயி கொடைக்கானல் வண்டியப் பாருங்க. இல்லைன்னா தங்கிட்டுப் போங்க, அந்தப் பக்கம் லாட்ஜு இருக்கு."

வின்ச் ஓடலை. பஸ் ஃபுல். கடைசி பஸ் போயிருச்சு. ஒரே நாளில் மூன்றாவது தடவை. போதாததற்கு லாட்ஜ் வேறு! பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தேவையில்லண்ணே, எங்களுக்குத் தெரியும்" என்றான் முதல் மார்க். அவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு போய்விட்டார்.

இவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கொடைக்கானலைப் பற்றிப் போனில் படிக்க ஆரம்பித்தார்கள். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது. சாதாரணப் பூண்டை மலைப்பூண்டு என்று சொல்லி விற்பது (கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெயருக்கு மதிப்பு ஏறினால் போலியும் ஏறும்). வெல்லப்பாகு கலந்த தேன். டாக்சிக்காரர் "இந்தக் கடையில சாக்லேட் சுத்தமா இருக்கும்" என்று இறக்கிவிடுவது. குதிரைச் சவாரியில் "ஒரு ரவுண்டு" என்றால் எதுவரை என்பதைக் குதிரையே முடிவு செய்வது. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கிற தண்ணீர் பாட்டில் (மலை ஏறினாலும் அது சட்டப்படி குற்றம்தான், 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம்). இ-பாஸ் எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கிறவர்கள். 2024 மே 7-இல் தொடங்கிய அந்த இ-பாஸுக்குக் கட்டணமே கிடையாது, அரசு பஸ்ஸில் போகிறவனுக்கு அது தேவையும் இல்லை.

எல்லாவற்றையும் விட மோசம் போதைக் காளான். வாங்கி ஏமாந்தவன் போலீசுக்குப் போக முடியாது, போனால் அவனும் குற்றவாளி. ஏமாற்றுகிறவனுக்கு அதை விடப் பாதுகாப்பான சரக்கு உலகத்தில் இல்லை.

எட்டு மணி. பஸ் வரவில்லை. துண்டுக்காரர் மறுபடியும் அந்தப் பக்கம் வந்தார், கையில் டீ. "இன்னும் போகலையா தம்பி? டீ சாப்பிடுறீங்களா?" இருவரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். மயக்க மருந்து பிஸ்கட் கதையை ரயிலில் எழுதிப் போட்டிருப்பதைப் படித்து வளர்ந்த தலைமுறை.

1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பாடாவதிக் காருக்கு அமெரிக்காவில் 'லெமன்' என்று பெயர். (எலுமிச்சை மூட்டை மூட்டையாக இறங்குகிற ஒட்டன்சத்திரத்தில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.) அவர் சொன்னது இதுதான். எது நல்ல கார், எது பாடாவதி என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் எல்லாக் காருக்கும் சேர்த்துக் குறைந்த விலையே கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவன் விற்கமாட்டான், ஒதுங்கிவிடுவான். கடைசியில் சந்தையில் பாடாவதிதான் மிஞ்சும். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். பி.காம்.காரர்களுக்கு இது பாடமாக வரும், இல்லாவிட்டால் செமினாரில் வரும்.

வழி சொல்கிறவனுக்கும் இதே கணக்குதான். அடிவாரத்தில் நானூற்றைம்பது வாங்கியவர் நஷ்டப்படுத்தியது இரண்டு மாணவர்களை மட்டும் இல்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி, காசே கேட்காமல் உண்மையைச் சொன்ன ஒருவருடைய சொல்லுக்கு இருந்த விலையையும் சேர்த்து அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அந்தத் துண்டுக்காரர் அடுத்த தடவை வெளியூர்ப் பையனைப் பார்த்தால் "நமக்கெதுக்கு வம்பு" என்று நகர்ந்துவிடலாம். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் தானாக வந்து பேசுகிறவர்கள் யார் மிஞ்சுவார்கள்?

ஒன்பது மணி வாக்கில் ஒரு கண்டக்டரைப் பிடித்துக் கேட்டார்கள். "பாச்சலூரா? அது அப்பவே போயிருச்சே!" பழனி போனாலும் இனி கொடைக்கானல் வண்டி கிடைக்காது என்றார். கொசுக்கடியோடு பெஞ்சிலேயே ராத்திரி கழிந்தது. லாட்ஜுக்குப் போகவும் ரோஷம் விடவில்லை.

விடிவதற்கு முன்பே தூக்கம் கலைந்து, நடந்து மார்க்கெட் பக்கம் போனார்கள். ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டை நேரில் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது. தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று. முருங்கை, தக்காளி, கத்தரி, வெண்டை, பீன்ஸ் என்று வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். கேரளாவுக்கு லாரி லாரியாகப் போகும்.

முதல் மார்க்கை நிற்க வைத்தது காய் இல்லை. ஒரு விவசாயி மூட்டைகளைக் கமிஷன் கடையில் இறக்கினார். ஒரு துண்டுச் சீட்டை வாங்கிப் பையில் சொருகினார். போய்விட்டார். என்ன விலைக்குப் போகும் என்று தெரியாது, யார் வாங்குவார் என்று தெரியாது. விலை பேசாமல் சரக்கு கைமாறுகிறது, அடிவாரத்துத் தட்டு மாதிரியே! ஆனால் இங்கே அவர் நிம்மதியாக டீ குடிக்கப் போகிறார்.

இந்த மார்க்கெட்டில் இருப்பவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று அர்த்தம் இல்லை. எடையில், கழிவில், கமிஷனில் சண்டை நடக்கத்தான் செய்யும். விலை விழுந்தால் தக்காளியை ரோட்டில் கொட்டிவிட்டுப் போகிற நாளும் உண்டு. ஆனால் அந்த விவசாயி அடுத்த அறுவடைக்கு மறுபடி வருவார். இந்தக் கடையில் ஏமாற்றினால் பக்கத்துக் கடையில் இறக்குவார், ஊர் முழுக்கச் சொல்லுவார். விழுப்புரத்துப் பையன் பழனிக்கு மறுபடி வர எத்தனை வருடமோ! வந்தாலும் அந்த முகம் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது? அடிவாரத்தில் கெட்டவர்களும் சந்தையில் நல்லவர்களுமாகப் பிறந்துவிடவில்லை. ஒருவருக்கு வாடிக்கையாளர் திரும்ப வருவார், இன்னொருவருக்கு வரமாட்டார். பெரிய வித்தியாசம் அதுதான்.

துண்டுக்காரர் அங்கேதான் இருந்தார். முருங்கைக் கட்டுகளை லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை.

"ராத்திரி இங்கனயேவா கெடந்தீங்க?"

நோட்டுக்காரன் தலையைச் சொறிந்தான். "ஆமாண்ணே. நேத்து நாங்க... டீ சாப்பிடலாம் வாங்கண்ணே."

"லோடு நிக்குது தம்பி. மொத வண்டி இப்ப வந்துரும். மேக்குப் பக்கம் கடைசியில நிக்கும். சீட்டு வேணும்னா இப்பவே போயிருங்க."

போனார்கள். வண்டி அவர் சொன்ன இடத்தில்தான் நின்றது. பாதி சீட்டில் மலைக்கிராமத்துக்காரர்களின் காலிச் சாக்குகள். கண்டக்டர், "பின்னாடி போங்கப்பா, பின்னாடி எடம் இருக்கு" என்றார். இருவரும் கேள்வி கேட்காமல் பின்னால் போனார்கள் :-)