அலைமகளை விற்ற கதை

சென்ற ஆவணி மாதத்தில் ஒருநாட் காலை, தென்னிலங்கைக் கடற்கரையில் விடுதி நடத்தும் கனவான் ஒருவர் எமது வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவர் வந்தது எம்மைக் காண்பதற்கன்று. மாட்டுக்கொட்டிலின் பின்னே கிடுகு மூடிக் கிடந்த வேகப்படகைக் காண்பதற்கு. சப்பாத்தைக் கழற்றாமலே அதன்மேல் ஏறி நின்று பார்த்தார். தமது விடுதி முகப்பிலே அதனை வைத்து, உள்ளே பனிக்கட்டி நிரப்பிக் குளிர்பானம் பரிமாறலாம் என்று ஆங்கிலத்திலே கூறினார். எஞ்சின் இல்லாதது அவருக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. அவர் சொன்ன விலையோ, நாம் மனத்தில் வைத்திருந்ததைப்போல் இரண்டு மடங்கு.

அலைமகள் என்பது அப்படகின் பெயர். எமது தந்தையார் தீவுப்பகுதியில் அப்போதிக்கரியாகக் கடமையாற்றியவர். 1971ஆம் ஆண்டில், பிறநாடு சென்று குடியேறவிருந்த கொழும்புவாசி ஒருவரிடம் தமது சேமிப்பு முழுவதையும் கொடுத்து அதனை வாங்கினாராம். பதினாறு அடி நீளம்; கடற்பாவனைக்கென்று செய்த ஒட்டுப்பலகையாலான உடல்; முன்தளத்திலே செந்நிற மகோகனிப் பலகை; மோட்டார்க் காரில் உள்ளது போன்ற சக்கரம்; பின்பலகையிலே நாற்பது குதிரைவலுவுள்ள வெளியிணைப்பு எஞ்சின். "இந்தக் காசுக்கு நாலு பரப்புக் காணி வாங்கியிருக்கலாம்" என்று அம்மா கண்மூடும் வரையிற் சொல்லிக்கொண்டேயிருந்தார். ஆயினும், பேறுகால வேதனையோடு அனலைதீவிலிருந்து ஊர்காவற்றுறைக்கு இரவிலே கொண்டுவரப்பட்ட பெண்களை அப்படகிலே தாங்கிப் பிடித்தவரும் அவரே.

வேகப்படகின் இயல்பு சாதாரண வள்ளத்தின் இயல்பன்று. வள்ளம் நீரை விலக்கிக்கொண்டு செல்லும். வேகப்படகோ ஓரளவு வேகம் பிடித்ததும் தன் அணியத்தைத் தூக்கி நீரின்மேல் ஏறிச் சறுக்கத் தொடங்கும். அவ்வாறு சறுக்கும்பொழுது நீரின் தடை பெரிதும் குறைந்துவிடும். இதற்கேற்ப அதன் சுழல்விசிறியின் இதழ்களும் மிகுதியாகச் சரிந்திருக்கும். ஒரு சுற்றிலே அதிக தூரம் முன்னேறுவதற்கு. பாரமிழுக்க வேண்டுமாயின் சரிவு குறைந்த விசிறியே உகந்தது. மலையேறும் மோட்டார் வண்டி முதலாம் கியரிற் செல்வதை மாணவர் நினைத்துக்கொள்ளலாம். ஐயா இரண்டு விசிறிகளும் வைத்திருந்தார். அந்த இரண்டாவது விசிறியின் அருமையை நாம் அறிந்தது 1993இலே.

யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறத் தரைப்பாதை இல்லாத காலம் அது. சனங்கள் கிளாலிக்குச் சென்று, இரவிலே கடல்நீரேரியைக் கடந்தனர். எஞ்சின் பூட்டிய படகொன்றின் பின்னே எஞ்சினில்லாத வள்ளங்களைக் கயிற்றாற் கோத்து இழுத்துச் செல்வார்கள். சென்றவர் எல்லோரும் மறுகரை சேர்ந்தாரில்லை. எமது ஆச்சியின் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை அவசியமாகியது. ஐயா அலைமகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி அங்கே கொண்டுசென்றார். எமக்கு அப்பொழுது பன்னிரண்டு வயது.

பெற்றோல் தங்கத்திலும் அரிதாயிருந்தது. சிறிதளவு பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். சரிவு குறைந்த விசிறியைப் பூட்டி, பின்னே இரண்டு வள்ளங்களைக் கட்டினார்கள். விளக்கில்லை; பேச்சில்லை. சறுக்கி ஓடப் பிறந்த படகு அன்று எருமைபோல நகர்ந்தது. இழுவையின் பாரத்தினால் அதன் பின்புறம் தாழ்ந்தது. பின்பலகையிலே எஞ்சின் பூட்டும் இடம் பதினைந்து அங்குல உயரந்தான். அலை ஒவ்வொன்றும் அதனைத் தாண்டி உள்ளே வந்தது. வெற்றுப் பால்மாப் பேணி ஒன்றை எம்மிடம் தந்து, "தம்பி, அள்ளி ஊத்து, நிப்பாட்டாதை" என்றார் ஐயா. விடியும் வரை அள்ளினோம். கரை சேர்ந்தபின்பும் கை தானாக அசைந்துகொண்டிருந்ததை ஆச்சி பிடித்து நிறுத்தினார்.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது எஞ்சினுக்குக் கிறீஸ் பூசி, பொலித்தீன் சுற்றி, வளவிலே குழி வெட்டித் தாழ்த்தோம். திரும்பி வந்து தோண்டியபோது அது துருப்பிடித்த கட்டியாகவே கிடைத்தது. படகின் உடல் மட்டும் கிடுகின் கீழே தப்பியிருந்தது. ஐயா 2011இற் காலமானார். அதன்பின் ஆண்டுக்கொருமுறை வார்னிஷ் பூசுவதைத் தவிர நாம் அதற்கு யாதும் செய்தோமில்லை.

இப்பொழுது மூத்த மகள் பேராதனைக்குத் தெரிவாகியிருக்கிறாள். வீட்டுக் கூரையும் ஒழுகுகிறது. எனவே விற்பதென்று முடிவு செய்தோம். முடிவு செய்தபின்னும் மனம் வேறோர் ஆராய்ச்சியிற் புகுந்தது: இதற்கு என்ன எஞ்சின் பொருந்தும்? விற்கப்போகிறவனுக்கு இந்தக் கவலை ஏன் என்று வாசகர் கேட்கலாம். வீட்டிலும் அப்படித்தான் கேட்டார்கள். எஞ்சினைப் படகின் உள்ளே வைத்து, அதன் கால் மட்டும் பின்பலகையைத் துளைத்து வெளியே இறங்கும் அமைப்பு ஒன்றுண்டு. 1959இல் சுவீடன் தேசத்து வொல்வோ பென்ரா நிறுவனத்தார் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதைப் பூட்டினால் அலைமகளின் எழில் கெடாது என்று கடதாசியிற் படங்கூட வரைந்து வைத்தோம்.

விடுதிக்காரர் வந்துபோன மூன்றாம் நாள், தீவுப்பகுதி இளைஞன் ஒருவன் வந்தான். செருப்பைப் படலையடியிலே விட்டு வந்தவன், விலையைக் கேட்கவில்லை. நேரே பின்புறம் சென்று, பின்பலகையை விரல் மடக்கித் தட்டிக்கொண்டே வந்தான். ஓரிடத்திலே ஓசை மாறியது.

"மாஸ்ரர், இதிலை பலகை உக்கிப் போச்சு. பழைய எஞ்சின் பூட்டின ஓட்டையாலை தண்ணி இறங்கியிருக்கு. பின்பலகை முழுக்க மாத்தவேணும். அந்தச் செலவைக் கழிச்சுத்தான் நான் கேப்பன்."

எமக்குச் சினம் மூண்டது. இத்தனை ஆண்டு வார்னிஷ் பூசிய எமக்குத் தெரியாத குறை இவனுக்கெப்படித் தெரியும்? பேனாக்கத்தியாற் குத்திப் பார்த்தோம். நுனி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கிற்று. வாய் மூடிக்கொண்டோம்.

எமது படத்தை அவனுக்குக் காட்டினோம். மரியாதையோடு பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். "வடிவுதான் மாஸ்ரர். ஆனா எஞ்சினும் காலும் சேந்து முந்நூறு கிலோ வரும். எங்கட கடல் முழங்காலளவு. சாதாழை வந்து சுத்தும். வெளி எஞ்சின் எண்டால் தூக்கிவிட்டுத் தாங்கலாம். பழுதெண்டால் கழட்டித் தோளிலை கொண்டுபோகலாம்."

அடுத்தது ஈரடிப்போ நாலடிப்போ என்ற வாதம். நாலடிப்பு எஞ்சின் எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும், எண்ணெய் கலக்கவேண்டியதில்லை. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியதை நினைவூட்டி, அதையே வாங்கும்படி சொன்னோம். அவன் சிரித்தான். நாற்பது குதிரைவலு ஈரடிப்பு எழுபது கிலோ அளவில் நிற்கும். நாலடிப்போ நூறு கிலோவை எட்டும். பழைய படகுக்கு அந்த வித்தியாசம் பெரிது. மேலும் ஈரடிப்பைப் பிரித்துப் பூட்டத் தெரியாதவர் அவனூரில் இல்லையாம். எமக்கு இதில் இன்றும் முழுச் சம்மதமில்லை. ஆயினும் ஓட்டப்போகிறவன் அவன்.

இறுதியாக ஒன்று சொன்னான். "பின்பலகையை இருபது அங்குலமாக உயத்தவேணும். நீண்ட கால் எஞ்சின் பூட்டுவம். இல்லாட்டி நெடுந்தீவுப் பக்கத்து அலை பின்னாலை ஏறும்."

எஞ்சினின் கால் நீளமும் பின்பலகையின் உயரமும் ஒத்திருத்தல் அவசியம். கால் குறுகினால் விசிறி காற்றை உறிஞ்சிச் சும்மா சுழலும். நீண்டால் வீணே நீரை இழுக்கும். ஆகவே ஐயாவின் படகை வெட்டி, அதன் உருவத்தையே மாற்றவேண்டும். விடுதிக்காரரோ ஓர் ஆணிகூட மாற்றமாட்டார். வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயரையும் மாற்றினார். அது 1938இல் அவர்கள் தேசத்துக் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பெயர் போனாலும் கப்பலாகவே போயிற்று.

"இஞ்சாருங்கோ, கூரையை யோசியுங்கோ" என்றார் இல்லாள் குசினி வாசலில் நின்று. அவர் சொன்னதிற் பிழையில்லை. நாமோ அந்தப் பால்மாப் பேணியை நினைத்துக்கொண்டு நின்றோம். அந்த ஐந்து அங்குலம் அன்றிருந்திருந்தால் ஓரிரவு முழுவதும் அள்ளியிருக்கத் தேவையில்லை.

"உயத்து தம்பி" என்றோம்.

கூரையின் பாதிக்கு ஓடு மாற்றியாயிற்று. மறுபாதி அவன் தரவேண்டிய இரண்டாம் தவணையை எதிர்பார்த்திருக்கிறது. படகை ஏற்றிய அன்று, ஐயாவின் சரிவு குறைந்த விசிறியையும் எடுத்துக் கொடுத்தோம். அவன் அதன் நடுத்துளையை விரலால் அளந்து பார்த்தான். "இது என்ரை எஞ்சினுக்குப் பொருந்தாது, மாஸ்ரர். வைச்சிருங்கோ" என்று திருப்பித் தந்தான். மகள் அதனைத் தன் மேசைக் கடதாசிகளின்மேல் வைத்திருந்தாள். பேராதனைக்குப் புறப்படும்போது பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.