மஞ்சள் ஹோட்டலும் எரிந்த பத்திரிகையும்

சரயேவோ விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் அகலமான சாலையில் அந்த மஞ்சள் கட்டடம் கண்ணில் படாமல் போகாது. 1984 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய ஹாலிடே இன் அது. எட்டே ஆண்டுகளில் ஒலிம்பிக் நகரம் போர்க்களமானது. சுற்றியுள்ள மலைகளில் போஸ்னிய செர்பியப் படைகள் பீரங்கிகளை நிறுத்தின. 1992 ஏப்ரலில் தொடங்கிய முற்றுகை 1996 பிப்ரவரி வரை நீடித்தது. மறைந்திருந்து சுடுபவர்களுக்குப் பயந்து மக்கள் குனிந்து ஓடிய ஹோட்டல் வாசல் சாலைக்கு 'ஸ்னைப்பர் சந்து' என்றே பெயர் வந்தது.

உலகப் பத்திரிகையாளர்கள் தங்கியது இங்கேதான். முன்வாசல் ஆபத்து என்பதால் கார்கள் தரைக்கடியிலுள்ள கராஜுக்குள் பாய்ந்து நுழையும். அவர்களும் உயிரைப் பணயம் வைத்தவர்கள்தான். 1992 ஆகஸ்டில் அமெரிக்க ஏபிசி டிவியின் தயாரிப்பாளர் டேவிட் கப்லன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனாலும் அவர்களிடம் ஊர்க்காரர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது: திரும்பிப் போகும் வழி. ஐ.நா. விமானத்தில் இடம் கிடைத்தால் போதும்.

அதே நகரில்தான் 1943ல் நாஜி எதிர்ப்பு ஏடாகப் பிறந்த 'ஒஸ்லோபோஜேனியே' நாளிதழும் இருந்தது. பெயருக்கு அர்த்தம் விடுதலை. 1992ல் குண்டுவீச்சில் அதன் கட்டடம் எரிந்தது. ஊழியர்கள் நிலவறைக்கு இறங்கினார்கள். காகிதம் குறையக் குறையப் பக்கங்களும் குறைந்தன, பத்திரிகை நிற்கவில்லை. ஸ்வோர்னிக் நகர நிருபர் க்யாஷிஃப் ஸ்மாய்லோவிச் போரின் முதல் நாட்களிலேயே கொல்லப்பட்டார்.

1994 பிப்ரவரி 5 அன்று மார்க்கலே சந்தையில் குண்டு விழுந்து 68 பேர் இறந்தார்கள். வெளியிலிருந்து வந்த நிருபருக்கு முதல் கேள்வி, எத்தனை பேர்? உள்ளூர் நிருபருக்கோ, யார் யார்? அன்று காலை சந்தைக்குப் போனது தன் வீட்டாராகவும் இருக்கலாம்.

வேறொரு வித்தியாசமும் உண்டு. 'இது பல நூற்றாண்டுப் பகை' என்று தூரத்திலிருந்து எழுதுவது சுலபம். நிலவறையிலோ முஸ்லிம்களும் செர்பியர்களும் குரோவேஷியர்களும் ஒரே மேஜையில் பத்திரிகை தயாரித்தார்கள். 1993ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் அவர்களுக்கு சாகரோவ் பரிசு தந்தது. ஆனால் அந்த நிலவறைச் செய்தியை உலகுக்குச் சொல்லவும் ஹோட்டல்வாசிகள் தேவைப்பட்டார்கள்.

2012 ஏப்ரலில் நகரின் பிரதான வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகள் காலியாகப் போடப்பட்டன, இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. பழைய போர் நிருபர்கள் பலரும் அப்போது திரும்பி வந்திருந்தார்கள். அவர்கள் அந்த நீண்ட வரிசையைப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் குழந்தைகளுக்கான சின்ன நாற்காலிகளில் பொம்மைகளை வைத்துவிட்டுப் போனார்கள்.